கடைசி டப்பா

அரைகுறையாகப் படித்தவன் கையில் சிவப்புப் பேனா கிடைத்தால் என்ன ஆகும் என்று என்னைக் கேளுங்கள். எனக்கு அது இருபத்து மூன்று வயதில் கிடைத்தது. போர்ட் பிளேரில், எழுபதுகளின் தொடக்கத்தில்.

சென்னையிலிருந்து கப்பலேறி வந்த பேராசிரியர் ஒருவர் கல்லூரியில் 'வெகுஜனக் கலை' என்றொரு பாடம் நடத்தினார். நான் அவருக்கு டியூட்டர். விடைத்தாள் திருத்துவது என் வேலை.

"நான் சினிமா பாக்கிறதில்லப்பா. நீ பாத்துட்டு வந்து மார்க் போடு" என்றார். (பார்க்காத படத்தைப் பற்றியும் ஒரு மணி நேரம் பேசக்கூடியவர்.)

அந்த மாதக் கப்பலில் ஒரு தமிழ்ப் படம் வந்தது. உப்புக்காற்றும் பீடிப்புகையும் மிதக்கும் கொட்டகையில் இரண்டு தடவை பார்த்தேன். தாலி ஏறியது, தேசிய கீதம் போட்டார்கள், எழுந்து நின்றோம், கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம். 'இப்படத்தின் சுபமான முடிவு மக்களை ஏன் கவர்கிறது?' என்று இருபது மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி தயாரித்தேன்.

புரோத்ராபூரிலிருந்து பஸ்ஸில் வரும் கோமதி எழுதியிருந்தாள்: 'இது சுபமான முடிவே அல்ல. கல்யாணம் முடிந்ததும் கதாநாயகி இறந்துவிடுகிறாள்.' அழுவதற்கென்றே மனிதர்கள் ஏன் டிக்கெட் வாங்குகிறார்கள் என்று தொடர்ந்து நான்கு பக்கம்.

முட்டை போட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வகுப்பில் அவளை எழுப்பி நிற்கவைத்தேன்.

"படத்தைப் பாத்தியாம்மா, இல்ல பாதியில தூங்கிட்டியா?"

"பாத்தேன் சார். மெயின்லேண்ட் போனப்ப, மதுரைல."

"ஓகோ. மெயின்லேண்டுக்கு ஒரு முடிவு, நமக்கு ஒரு முடிவா?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. மர மில்லில் வேலை பார்த்த அவள் அப்பா, ஃபெயிலானால் படிப்பை நிறுத்திவிடுவதாகச் சொல்லியிருந்தார். (அது எனக்கு முன்பே தெரியும். இந்த வரியை எழுதாமல் தப்பிக்கத்தான் பார்த்தேன்.)

மூன்று வாரம் கழித்து அடுத்த கப்பல் வந்தது. ஒலிபெருக்கி கட்டிய ஜீப் ஒன்று தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு போனது: "ஆக்ரி ரீல் ஆ கயா பாயியோ. புரானா டிக்கெட் லேகே ஆயியே." கடைசி ரீல் டப்பா முந்தைய கப்பலில் ஏறவே இல்லையாம். கொட்டகைக்காரர் யாரிடமும் மூச்சு விடாமல், கல்யாணத்தோடு கீதத்தைப் போட்டு எங்களை அனுப்பிவிட்டிருக்கிறார். இப்போது பழைய டிக்கெட் கொண்டு வந்தால் மிச்சம் இலவசம்.

ஞாயிறு மேட்னிக்கு என் வகுப்பு மொத்தமும் வந்திருந்தது. கதாநாயகி பதினைந்து நிமிடம் நிதானமாகச் செத்தாள். மாணவர்களில் ஒருவர்கூடத் திரையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்கள்.

மறுநாள் முட்டையை அடித்துப் பதினெட்டாக்கி, விடைத்தாளோடு புரோத்ராபூர் பஸ் ஏறினேன்.

"பைட்டியே சார்" என்று அவள் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார முடியவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மகளைக் கூப்பிட்டார். அவளிடமும் முதலிலிருந்து சொன்னேன்.

கோமதி தாளை வாங்கிப் பார்த்தாள்.

"ரெண்டு மார்க் எதுக்குக் கொறச்சீங்க சார்?"

"கையெழுத்துக்கு" என்றேன். (பொய். முத்து முத்தான கையெழுத்து. முழுசாகத் தோற்க மனம் வரவில்லை.)

"நாளையிலேர்ந்து வருவா" என்றார் அப்பா. என்னைப் பார்க்காமல்தான் சொன்னார்.

இன்று கோமதி என் மகள் படிக்கும் பள்ளியின் தலைமையாசிரியை. மகளைச் சேர்த்த வாரமே கதை எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் நான் எதையாவது அடித்துப் பேசினால், மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்பாள்:

"அப்பா, கடைசி டப்பா வந்துடுச்சா?"

நான் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து நின்றுவிடுவேன்.