பத்தியத்தூளைப் பிடித்துக்கொடுத்த கதை

நீதிமன்றத்தில் வலக்கையை உயர்த்திச் சத்தியம் செய்து பெற்ற ஒரு வேலையை நான் சரியாக ஒரு காலைப்பொழுது வைத்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் இதைவிடக் குறைந்த நேரம் எவரும் எந்த வேலையிலும் இருந்ததில்லை.

அதற்கு முன் ஆறு வருடம் ஒரு உணவகத்தின் சமையலறையில் பாத்திரம் கழுவினேன். கழுவிக்கொண்டே பிரெஞ்சு படித்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் பட்டியலில் பெயர் பதிந்தேன். ‘சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்ப்பேன்’ என்பதுதான் சத்தியம். முதல் அழைப்பு போதைப்பொருள் தடுப்புக் குழு ஒன்றிடமிருந்து வந்தது. இதை ஒழுங்காகச் செய்தால் தொடர்ந்து கூப்பிடுவார்கள், சொதப்பினால் மறுபடி பாத்திரம்தான். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள்.

அதனால் அன்று காலை என் மனைவி சுகந்தி, “இஞ்சை, ஊரிலையிருந்து வந்த ஒருத்தர் லா சப்பலிலை பார்சல் தாறாராம், போய் வாங்கிறீங்களே?” என்று கேட்டபோது, “எனக்கு முக்கியமான அலுவல் கிடக்கு” என்று மட்டும் சொன்னேன். அவள் பிள்ளை பெற்றுப் பதினொரு நாள். “அப்பிடி என்ன பெரிய அலுவலோ!” என்றாள். நான் சப்பாத்தைத் துடைத்தேன். (ஏதோ ஜனாதிபதியைச் சந்திக்கப் போவதுபோல.)

லா சப்பலில் எங்கள் சனத்தின் கடைகளுக்கு எதிரே ஒரு பழைய வெள்ளை வான். குழாய் திருத்துபவர்களுடையது என்று வெளியே எழுதியிருந்தது. உள்ளே குழுத் தலைவி மிரேய், இரண்டு இளம் பொலிஸ்காரர், நான். ஹீட்டர் போட்டால் கண்ணாடியில் ஆவி படிந்து புகார் பிடிக்குமாம், அதனால் அந்தத் தை மாதக் குளிரில் விறைத்துக்கொண்டிருந்தோம். கோப்பி குடிக்கவும் பயம், ஏனென்றால் இறங்கிப் போய் ஒன்றுக்கு இருக்க முடியாது. படங்களில் இந்தப் பகுதியைக் காட்டுவதில்லை.

அந்த வட்டாரத்தில் மண்ணிறத் தூள் கைமாறுகிறது என்று தகவலாம். எப்படிக் கண்டுபிடிப்பது என்று மிரேய் எனக்கு விளக்கினார். ஒருவரை ஒருவர் முன்பின் தெரியாத இருவர் வருவார்கள். ரெலிபோனில் அடையாளம் சொல்லிக்கொள்வார்கள். அங்குமிங்கும் பார்ப்பார்கள். பொட்டலம் கைமாறும். இரண்டு நிமிடத்தில் பிரிந்துவிடுவார்கள்.

எனக்குப் பகீரென்றது. அந்த வீதியில் அதைத் தவிர வேறு ஒன்றும் நடப்பதில்லையே!

ஒரு மணித்தியாலத்துக்குள் பதினேழு பொட்டலம் கைமாறியது. பக்கத்திலிருந்த பொலிஸ்காரர் எழுதி எழுதிக் கை ஓய்ந்துபோனார்.

“அது என்ன?” என்று கேட்டார் மிரேய்.

“கல்யாணக் கார்ட்.”

“அது?”

“ஒடியல் மாவாக இருக்கலாம், காய்ந்த பனங்கிழங்கை இடித்தது.”

“அந்த இருவருக்கும் அறிமுகம் உண்டா?”

“இல்லை. ஊரிலிருந்து யாராவது பயணம் வந்தால் அவரிடம் எல்லோரும் பொருள் கொடுத்துவிடுவார்கள். இங்கே வாங்க வருபவரை அவருக்குத் தெரியாது. நீல ஜக்கெற் போட்டிருப்பேன் என்று ரெலிபோனில் சொல்லிவிட்டு வருவார்.”

“உள்ளே என்ன இருக்கிறது என்று கொண்டுவருபவருக்குத் தெரியுமா?”

“கேட்டால் மரியாதையில்லை.”

மிரேய் தலையைப் பிடித்துக்கொண்டார். பதினெட்டு வருட சேவையில் இப்படியொரு வீதியைக் கண்டதில்லை என்றார். எனக்கோ வேறு கலக்கம். எல்லாவற்றுக்கும் ‘மா’, ‘கார்ட்’ என்று சொல்லிக்கொண்டிருந்தால் என்னை எதற்குத் திரும்பக் கூப்பிடப் போகிறார்கள்? பார்க்கப் பார்க்க எனக்கே குழம்பிவிட்டது. வெற்றிலை வாங்கிய கிழவர்கூடக் கள்ளனாகத் தெரிந்தார்.

அப்போதுதான் அந்த உருவம் வந்தது. முழங்கால்வரை கறுப்புக் கோட்டு, தலையை மூடிய தொப்பி, மூக்குவரை சால்வை. ஒரு மனிதர் வந்தார், செங்கல் அளவில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். மண்ணிற ஒட்டு ரேப்பால் பத்துச் சுற்றுச் சுற்றியிருந்தது. உருவம் அதைக் கையில் தூக்கிப் பார்த்தது. ஒரு மூலையைக் கிள்ளி முகர்ந்தது!

“அதுதான்! பிடியுங்கள்!” என்று கத்தினேன்.

மூன்று பேரும் பாய்ந்தார்கள். இழுபறியில் தொப்பி பின்னால் விழுந்தது. சுகந்தியின் அக்கா, கார்ஜ் புறநகரில் இருக்கும் பவா மச்சாள்!

ஐயோ, நான் வானின் இருக்கைக்குக் கீழே போய்விட்டேன்.

மச்சாளைக் கொண்டுபோன பொலிஸ் அலுவலகத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொந்தக்காரர் வந்தால் மொழிபெயர்ப்பாளர் விலகவேண்டும், அதுதான் விதி. ஆனால் விலகினால் வேலை போச்சு. விலகாமல் மச்சாளையும் காப்பாற்றி வேலையையும் காப்பாற்றலாம் என்று என் மூளை சொன்னது. (அந்த மூளையை நம்பித்தான் இன்றுவரை வாழ்கிறேன்.)

மச்சாளுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றே எழுதியிருந்தார்கள். பொலிஸில் பிரெஞ்சு தெரியும் என்று காட்டிக்கொள்ளக்கூடாது என்பது எங்கள் சனத்தில் ஒருவர் மற்றவருக்குக் கொடுக்கும் முதல் புத்திமதி.

கதவு திறந்தது. என்னைக் கண்டதும் மச்சாளின் கண் பிதுங்கியது.

“ஐயோ கடவுளே, நீரோ? இஞ்சை என்ன காணும் செய்யிறீர்?”

“வணக்கம் சொல்கிறார்” என்றேன் பிரெஞ்சில்.

பொட்டலத்தில் என்ன என்று மிரேய் கேட்டார். நான் கேட்டேன்.

“கண் தெரியேல்லையோ உமக்கு? பத்தியத்தூள்! உம்மடை மனுசிக்குத்தான்! நீர் பெரிய அலுவல் எண்டு வெளிக்கிட்டிட்டீர், அவள் அழுது எனக்கு ரெலிபோன் அடிச்சவள். நான் வேலைக்கு லீவு போட்டிட்டு, என்ரை மனுசன்ரை கோட்டையும் மாட்டிக்கொண்டு ஓடி வந்தால், நடு ரோட்டிலை கையை முறுக்கிறாங்கள். பாத்துக்கொண்டு இருக்கிறீரே, கழுதை!”

“பிள்ளை பெற்ற ஒரு பெண்ணுக்கான மூலிகைத் தூள் என்கிறார்.”

“அவ்வளவுதானா? நிறையப் பேசினாரே.”

“தமிழ் கொஞ்சம் நீளமான மொழி, மேடம்.”

“கடைசியாக என்னைக் காட்டியா, உங்களைக் காட்டியா ஏதோ சொன்னார்?”

“அது ஒரு மரியாதைச் சொல்.”

மிரேய் பேனாவை எடுத்தார். “சரி. அந்தப் பெண்ணின் பெயரைக் கேளுங்கள்.”

மச்சாளைப் பார்த்துக் கும்பிடாத குறையாக, “மச்சாள், பேரை மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. ஏதாவது வாயிலை வந்த பேரைச் சொல்லுங்கோ, பிறகு நான் பாத்துக்கொள்ளுறன்” என்றேன்.

மச்சாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மிரேயின் பக்கம் திரும்பி, பன்னிரண்டு வருடம் பள்ளிக்கூடக் கன்டீனில் பழுத்த பிரெஞ்சில் நிதானமாகச் சொன்னார்:

“மேடம், அந்தப் பெண் இந்த மனிதரின் மனைவி. நான் அவளின் அக்கா. இப்போது இவர் என்னைப் பொய்ப் பெயர் சொல்லச் சொன்னார். கடைசியாக நான் சொன்னது மரியாதைச் சொல் இல்லை. கழுதை என்று சொன்னேன்.”

மிரேய் விரலால் எதிர்க் கதிரையைக் காட்டினார். நான் எழும்பி மச்சாளின் கதிரைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். விதிப்படி கேட்கவேண்டிய கேள்வியை அவர் என்னிடம் கேட்டார்.

“உங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையா?”

“ஓம்” என்றேன், தமிழில்.

“ஆம் என்கிறார்” என்று மச்சாள் பிரெஞ்சில் சொன்னார்.

தூளைப் பரிசோதித்த இளம் பொலிஸ்காரர் கண்ணீர் வடியத் தும்மியதைத் தவிர வேறு ஒன்றும் தேறவில்லை. மிளகு, திப்பிலி, மஞ்சள், வேர்க்கொம்பு என்று மச்சாள் ஒவ்வொன்றாகச் சொல்ல, எழுத்துப் பிழையில்லாமல் பதிந்தார்கள். பின்னேரம் எங்களை விட்டுவிட்டார்கள், தூளையும் தந்தார்கள். சுகந்தி அன்று பத்தியக்கறி சாப்பிட்டாள். என்னோடு மூன்று நாள் பேசவில்லை. எனக்குச் சரியான வெட்கம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள்ளேயே இருந்தேன்.

இரண்டு கிழமையில் என் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டதாகக் கடிதம் வந்தது. அதே கிழமை மிரேய் மச்சாளுக்கு ரெலிபோன் எடுத்து, இப்படி ஒரு சொல்லும் விடாமல் சொல்கிற ஆள்தான் தங்களுக்குத் தேவை, விண்ணப்பிக்க விருப்பமா என்று கேட்டாராம்.

மச்சாள் விண்ணப்பித்தார். இன்று நீதிமன்றம்வரை போய்வருகிற, முத்திரை வைத்திருக்கிற மொழிபெயர்ப்பாளர் அவர். நான் பழைய உணவகத்தில் இருக்கிறேன். (இப்போது பாத்திரம் கழுவ இயந்திரம் வந்துவிட்டது, அதைப் பார்த்துக்கொள்கிறேன்.)

அன்று பதினொரு நாள் பிள்ளையாக இருந்த என் மகள் இப்போது என்னைவிட உயரம். கொண்டாட்டங்களில் சனம் கூடியிருக்கும்போது நான் ஏதாவது கதை சொன்னால் யாரும் உடனே சிரிப்பதில்லை. மகளில் தொடங்கி எல்லோரும் திரும்பிப் பவா மச்சாளின் முகத்தைப் பார்க்கிறார்கள். அவர் தலையாட்டினால்தான் நம்புகிறார்கள்.