சிலி வாய் திறக்கவில்லை

பொலிவியா மூன்றாவது முறையாகக் கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்டது.

"தலைவர் அவர்களே, பொலிவியாவுக்கு அவசரம்."

"பொலிவியா இப்பத்தானே போயிட்டு வந்துச்சு?" என்றாள் நோயெலியா.

"அது கண்ணாடி பாக்கப் போனது. இது நிஜம்."

என்ன செய்வது, மாநாட்டு விதி அப்படி. உள்ளே நுழைந்துவிட்டால் யாரும் 'நான்' என்று சொல்லக் கூடாது. குலுக்கலில் எந்த நாடு விழுந்ததோ அந்த நாடாகவே இரும வேண்டும், தும்ம வேண்டும், கழிப்பறைக்குப் போக வேண்டும். பொலிவியாவின் கோச்சபம்பா நகரில் ஒரு பள்ளியில் வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் இந்த விவாத மாநாட்டில், சுற்றுச்சூழல் குழுவுக்குத் தலைவி பதினாறு வயது நோயெலியா. துணைத் தலைவன் ரெனான். அவன் கையில் ஒரு ஸ்டாப்வாட்ச் இருந்தால் போதும். உலகம் அழிந்தாலும் எத்தனை நொடியில் அழிந்தது என்று குறித்து வைப்பான்.

தலைப்பு, கடலில் சேரும் பிளாஸ்டிக். மொத்தம் இருபத்திரண்டு நாடுகள். ஒரு மணி நேரத்தில் இருபத்தொரு நாடுகள் பேசி முடித்திருந்தன. நார்வே இரண்டு முறை பேசிவிட்டது, இன்னும் கையை இறக்கவில்லை.

பேசாத ஒரே நாடு சிலி.

பொலிவியாவில் பிறந்த பிள்ளைக்குச் சிலி என்று சீட்டு விழுந்தால் அவன் கதி என்ன என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? பொலிவியாவுக்கு இருந்த ஒரே கடற்கரையைப் போரில் பிடுங்கிக்கொண்ட நாடு. நூறு வருஷத்துக்கு மேலாகியும் பொலிவியாக்காரர்களுக்கு அந்த ஆத்திரம் ஆறவில்லை. வகுப்பில் யாருக்கும் வேண்டாத அந்தச் சீட்டு, யாரோடும் பேசாத லிம்பெருக்கு விழுந்தது. லிம்பெர் நோயெலியாவின் தம்பி. வயது பதிமூன்று.

வீட்டில் அவன் வாயை மூடுவதற்குத் தனியாக ஆள் வைக்க வேண்டும். அப்படி ஒரு வாய். பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் சத்தமே கிடையாது. ஒரூரோவிலிருந்து குடிவந்து எட்டு மாதமாகிறது, வகுப்பில் அவன் குரல் எப்படி இருக்கும் என்றுகூட யாருக்கும் தெரியாது. வகுப்பாசிரியை அம்மாவைக் கூப்பிட்டு, "உங்க பையன் பேசவே மாட்டேங்கிறான்" என்றபோது அம்மா சிரித்துவிட்டாள். "ஆள் மாறிப் போச்சு மேடம், அது வேற யாரோ பையனா இருக்கும்."

அந்த அம்மா இன்று லா கான்சா சந்தையில் உருளைக்கிழங்குக் கடையைப் பூட்டிவிட்டு, நிறைவு விழாவைப் பார்க்கப் பன்னிரண்டு மணிக்கு வருகிறாள். மகன் ஊமை மாதிரி உட்கார்ந்திருப்பதை அவள் தன் கண்ணால் பார்க்கப் போகிறாள். அவள் வருவதற்குள் இந்தப் பயல் ஒரு வாக்கியமாவது பேசியாக வேண்டும்.

ஆனால் தலைவி யாருக்கும் உதவக் கூடாது. முதல்வர் அம்மா காலையிலேயே விரலை ஆட்டிச் சொல்லியிருந்தார்: "உன் தம்பி உன் குழுவுல இருக்கான். நீ ஒரு கண்ணசைவு காட்டினது தெரிஞ்சாலும் தலைவர் சுத்தியலைப் பிடுங்கிடுவேன்."

கண்ணசைவுதானே கூடாது? நோயெலியா ஒரு துண்டுச் சீட்டை எடுத்தாள்.

குழு நடக்கும்போது நாடுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளக் கூடாது, சீட்டு எழுதி மடித்துத்தான் அனுப்ப வேண்டும். மாணவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு நாடாகிவிட்டதால், சீட்டு சுமக்கும் வேலை உடற்பயிற்சி ஆசிரியர் வால்டோ சார் தலையில் விழுந்தது. மனிதர் டிராக் சூட்டும் கழுத்தில் விசிலுமாக, நூறு கிலோ உடம்பைத் தூக்கிக்கொண்டு மேசைகளுக்கு நடுவே பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருந்தார்.

நோயெலியா இடது கையால் கோணல்மாணலாக எழுதினாள்: 'சிலி, நீ நன்றாகப் பேசுவாய். கையைத் தூக்கு.' மடித்து, மேலே 'சிலிக்கு' என்று மட்டும் எழுதி வால்டோ சாரிடம் நீட்டினாள். அவர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்தார். அவள் சட்டென்று விட்டத்தைப் பார்த்தாள். தலைவி எந்தப் பக்கமும் பார்க்கக் கூடாதே!

கீழே பார்த்தபோது லிம்பெர் கையைத் தூக்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

'பயந்துட்டான். யாராவது முதல்ல அவன்கிட்ட அன்பா ஒரு வார்த்தை பேசணும்' என்று தோன்றியது. அடுத்த சீட்டு பொலிவியாவுக்கு. 'சிலியிடம் அன்பாக ஒரு கேள்வி கேள்.'

பொலிவியா என்பது டானிட்சா. வகுப்பிலேயே பெரிய தொண்டை அவளுக்குத்தான். ஐந்து நிமிடத்தில் எழுந்தாள்.

"மாண்புமிகு சிலிக்கு பொலிவியா ஒரு கேள்வி கேட்க விரும்புகிறது," என்று இலக்கணச் சுத்தமாக ஆரம்பித்தாள். நோயெலியாவுக்கு உயிர் வந்தது.

"எங்க கடலை எப்படா திருப்பித் தருவ?"

அறை அதிர்ந்தது. மேசையைத் தட்டுகிறார்கள், விசிலடிக்கிறார்கள். நைஜீரியா பெஞ்சின் மேல் ஏறிவிட்டது. ஜப்பான் "கடல் எங்களுதே!" என்று கத்தியது. ஜப்பானுக்கு என்ன வந்தது?

"நாற்பத்தொரு நொடி கைதட்டல்," என்றான் ரெனான்.

'அடிப்பாவி, அன்பா கேக்கச் சொன்னா இப்படியா கேப்ப?' என்று பொருமியபடி நோயெலியா மூன்றாவது சீட்டைப் பெருவுக்கு அனுப்பினாள். 'சிலிக்கு ஆதரவாகப் பேசு.' பெரு நல்ல பையன். ஃபப்ரீசியோ என்று பெயர். யாரையும் கடிந்து பேச மாட்டான்.

ஃபப்ரீசியோ எழுந்து கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டான். "கடல் விஷயத்துல பெரு ஒண்ணும் சொல்லல. ஆனா உருளைக்கிழங்கு எங்களோடதுன்னு சிலி ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுதே, அதுக்கு முதல்ல பதில் வேணும். உருளைக்கிழங்கு பெருவுக்குச் சொந்தம்."

"என்னது, பெருவுக்கா?" டானிட்சா திரும்பினாள். "உருளைக்கிழங்கு பொலிவியாவோடது!"

அப்புறம் பிளாஸ்டிக்காவது கடலாவது. இருபது நிமிடம் உருளைக்கிழங்குதான் ஓடியது. சிலி மட்டும் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. நோயெலியா சுத்தியலால் தட்டித் தட்டிக் கை வலித்துப் போய், "இடைவேளை! இடைவேளை!" என்று அலறினாள். பசியாறினால் கோபம் ஆறும் என்று ஒரு நம்பிக்கை.

கறி சமோசா மாதிரிச் சூடான சால்தேன்யா வந்தது. தின்னத் தெரியாதவன் கடித்தால் உள்ளே இருக்கும் இறைச்சிச் சாறு முழங்கை வரைக்கும் வழியும். லிம்பெருக்குத் தின்னத் தெரியும், பாவம். ஆனால் பின்னாலிருந்து நைஜீரியா இடித்தது. சால்தேன்யா கையைவிட்டுப் பறந்து டானிட்சாவின் வெள்ளைச் சட்டையில், நெஞ்சுக்கு நேராக விழுந்தது.

லிம்பெர் வாயைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான். காற்றுதான் வந்தது.

"ஒரு மன்னிப்புக்கூடக் கேக்க மாட்டியாடா?" என்று டானிட்சா அழுதேவிட்டாள். புதுச் சட்டை.

மணி பதினொன்று நாற்பது. குழு கூடியதும் சட்டையில் மஞ்சள் கறையோடு அவள் எழுந்தாள்.

"தலைவர் அவர்களே, வாயே திறக்காத நாடு இந்தக் குழுவுக்கு எதுக்கு? சிலியை வெளியேத்தணும்னு பொலிவியா தீர்மானம் கொண்டு வருது."

"ஆதரிக்கிறோம்!" என்றது பெரு. நார்வே இரண்டு கையையும் தூக்கியது.

நோயெலியா வாசலைப் பார்த்தாள். தீர்மானம் வந்தால் ஓட்டெடுப்பு நடத்த வேண்டியது தலைவி. சொந்தத் தம்பியைச் சுத்தியலால் தட்டி வெளியே அனுப்ப வேண்டும், அதுவும் அம்மா வருகிற நேரத்தில். எல்லாம் தன்னால் வந்தது. சும்மா இருந்திருந்தால் அவன் பாட்டுக்கு மூலையில் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வந்திருப்பான். அவளுக்குக் கண் கலங்கியது. நான்காவது சீட்டை வலது கையாலேயே எழுதினாள்: 'வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு ஓடிப்போடா. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.'

வால்டோ சார் வாங்கிக்கொண்டு நகர்ந்தார்.

"ஓட்டெடுப்புக்கு முன்னாடி," நோயெலியா சுத்தியலைக் கீழே வைத்தாள், "சிலி ஏதாவது சொல்ல விரும்புதா?"

அப்போது வாசல் கதவு திறந்தது. வெள்ளைத் தொப்பியும் அகலப் பாவாடையுமாக, கையில் இன்னும் உருளைக்கிழங்கு மண்ணோடு, அம்மா உள்ளே வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள். கால் மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டாள்.

நோயெலியா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"சிலி பேசணும்."

கீச்சென்று ஒரு குரல். இருபத்தொரு நாடுகளும் திரும்பிப் பார்த்தன.

"ரெண்டு நிமிஷம்," என்றான் ரெனான்.

லிம்பெர் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "சிலி எட்டு மாசமா இந்த வகுப்புல இருக்கு. அதுகிட்ட யாரும் பேசுறதில்ல. அதுவும் யார்கிட்டயும் பேசல, தப்பு ரெண்டு பக்கமும்தான். குலுக்கல்ல சிலின்னு வந்தப்ப அதுக்கு சந்தோஷமா இருந்துச்சு. ஏன்னா, இனிமே யாரும் பேசலன்னா அதுக்கு ஒரு காரணமாவது இருக்கு."

யாரோ சிரித்துப் பாதியில் நிறுத்தினார்கள்.

"இங்க எத்தனை நாடு கடலைப் பாத்திருக்கு?"

ஃபின்லாந்து மட்டும் கையைத் தூக்கியது. "அரிக்கா கடற்கரைக்குப் போனோம். ஃபின்லாந்துக்கு வாந்தி வந்துருச்சு."

"பாக்காத கடலுக்குக் காலையிலேருந்து சண்டை. கிடைச்சா அதுல என்ன போடப் போறோம்? அந்த மூலையைப் பாருங்க." மூலையில் இடைவேளைக் குப்பை கிடந்தது. பிளாஸ்டிக் பை, பிளாஸ்டிக் டம்ளர், உறிஞ்சு குழல். "அரை மணி நேரத்துல நாம போட்டது. சிலியால கடலைத் திருப்பித் தர முடியாது, சிலிக்கு வயசு பதிமூணு. ஆனா குப்பை பொறுக்க யார் வந்தாலும் கடற்கரை திறந்திருக்கும். பொலிவியா முதல்ல வரலாம். கொடியோட வரலாம்." மூச்சு வாங்கினான். "அப்புறம், அந்தச் சட்டைக்குச் சிலி மன்னிப்பு கேட்டுக்குது. அப்பவே கேக்கணும்னுதான் நெனச்சுது."

டானிட்சா மூக்கை உறிஞ்சினாள். "பொலிவியா வருது," என்றாள். "ஆனா வந்தா திரும்பிப் போகும்னு உத்தரவாதமில்ல."

கூரை பறந்துபோகும் போலக் கைதட்டல். அதையெல்லாம் தாண்டிக் கேட்டது பின்வரிசைக் குரல்: "இவனையா பேச மாட்டான்னு சொன்னீங்க? இவனையா?"

"பார்வையாளர் பேசக் கூடாது," என்றான் ரெனான்.

"நீ சும்மா இருப்பா!" என்றாள் அம்மா, தொப்பியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

சிலியை வெளியேற்றும் தீர்மானத்தைப் பொலிவியாவே கைவிட்டது, பிளாஸ்டிக் தீர்மானம் நிறைவேறியது. உருளைக்கிழங்கைப் பற்றியும் ஒரு வரி சேர்த்தால்தான் ஆச்சு என்று பெரு அடம்பிடித்ததால் அதையும் சேர்த்தார்கள். வெளியே போகும்போது டானிட்சாவும் ஃபப்ரீசியோவும் லிம்பெரை நடுவில் தள்ளிக்கொண்டு போனார்கள். அவன் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனான்.

காலியான அறையில் நோயெலியா வால்டோ சாரிடம் வந்து சுத்தியலை நீட்டினாள்.

"இதை முதல்வர் அம்மாகிட்ட கொடுத்துடுங்க சார். இன்னிக்கு நடந்த எல்லாத்துக்கும் நான்தான் காரணம். டானிட்சாவைக் கிளப்பிவிட்டது நான், பெருவைக் கிளப்பினதும் நான். கடைசியில அவனை ஓடிப்போன்னு எழுதினேன், அந்த ரோஷத்துலதான் எழுந்து பேசிட்டான். அவனுக்கு நான் உதவி பண்ணிட்டேன் சார்." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

வால்டோ சார் டிராக் சூட் பைக்குள் கையைவிட்டு, மடிப்புக் கலையாத நான்கு சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார்.

"அனுப்புற நாட்டோட பேரில்லாத சீட்டை நான் யாருக்கும் கொடுக்கிறதில்லம்மா," என்றவர், ஐந்தாவதாக ஒன்றை எடுத்துப் பிரித்துப் படித்தார். "இதுலயும் பேரில்ல, காலையில மணி அடிச்சதும் உன்கிட்ட சேர்க்கச் சொல்லி உன் தம்பி என்கிட்ட கொடுத்தது: 'அக்கா, பதறாத, என்கிட்ட இருக்கிற தைரியம் ஒரு தடவைக்குத்தான் வரும், அம்மா வந்ததும் பேசுறேன்.'"