ஒத்திகை மாமா

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. நீங்கள் குழியில் விழுந்த பிறகு கைகொடுத்துத் தூக்க இவர்கள் வரமாட்டார்கள். அது சாதாரண ஜனங்கள் செய்கிற வேலை. இவர்கள் இரண்டு மாதம் முன்பே வந்து, உங்கள் வீட்டுக் கூடத்தின் நடுவில் தாங்களாகவே ஒரு குழியைத் தோண்டி, "எங்கே, இதுல ஒருதரம் விழுந்து காட்டு, பார்க்கலாம்" என்பார்கள். விழாமல் தப்பித்தால் மனம் நொந்துபோவார்கள்.

வருஷம் முழுக்க இந்த இனம் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் உங்கள் வீட்டுப் பிள்ளை ஐந்தாம் வகுப்பை முடித்து, ஒரே டீச்சர், ஒரே அறை, ஒரே பெஞ்சு என்று இருந்த சின்னப் பள்ளிக்கூடத்தை விட்டு, ஏழு டீச்சரும் ஏழு அறையும் உள்ள பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகப்போகிறது என்ற சேதி மட்டும் எப்படியோ மூக்கில் ஏறிவிடும். கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை பையைக் கழற்றுவதற்குள் வாசல் மணி அடிக்கிறதா? அவர்தான். கழுத்தில் விசில், சட்டைப் பையில் மூன்று பேனா, கக்கத்தில் கோப்பு. உட்காருவதற்கு முன்பே முதல் வசனம் வந்துவிடும்.

"பயப்பட ஒண்ணுமே இல்ல."

நல்ல வார்த்தைதானே? அவசரப்படாதீர்கள். பின்னாலேயே ஓர் "ஆனா" வரும். அந்த "ஆனா" வரும்வரை அந்த வீட்டில் யாருக்கும் எந்தப் பயமும் இருந்ததில்லை.

இந்த இனத்தில் நன்றாக விளைந்த ஒருவரைப் பிடித்துக் காட்டிவிட்டால் மற்றவர்களை நீங்களே கண்டுகொள்வீர்கள். சொந்தபந்தத்தில் இவருக்கு ஒத்திகை மாமா என்று பெயர். பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காலத்தில் ஒரு பஸ்கூட நேரத்துக்குக் கிளம்பியதாக யாருக்கும் ஞாபகமில்லை; ஆனால் எது எத்தனை நிமிஷம் தாமதம் என்று அவரைப்போல அழகாக எழுதி வைத்தவர் கிடையாது.

இவர் கையால் தயாராகி ஆறாம் வகுப்புக்குப் போனவர்கள் இதுவரை ஆறு பேர். பெரிய தங்கையின் மகனுக்கு, "ஒரு புத்தகம் மறந்தாலும் வெளியே நிறுத்திடுவாங்க" என்று சொல்லி அனுப்பினார். அவன் மூன்று வருஷம் எல்லாப் புத்தகத்தையும் தினமும் சுமந்து, இன்றைக்கும் போட்டோவுக்கு நின்றால் கீழே எதையோ தொலைத்தவன் மாதிரி குனிந்துதான் நிற்கிறான். சித்தப்பா மகளுக்கு, "பெரிய பிள்ளைங்க முன்னாடி வாயே திறக்காத" என்றார். பாதி வருஷம் கழித்து அவளுடைய அம்மாவைக் கூப்பிட்டனுப்பி, பிறந்ததிலிருந்தே பேச்சு வராதா என்று விசாரித்தார்கள். கடைசித் தம்பியின் மகள் மட்டும், அந்த வருஷம் குடும்பம் வேறு ஊரில் இருந்ததால், ஒத்திகையே இல்லாமல் போய் வகுப்பில் முதலாவதாக வந்தாள். "அது அதிர்ஷ்டம், அதைச் சேர்க்கக் கூடாது" என்பது மாமாவின் தீர்ப்பு. அதனால் அவளைச் சேர்க்கவில்லை.

இந்த ஆறு பேரில் முதல் ஆள் யார் தெரியுமா? அவருடைய கடைசித் தங்கை. இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால், பதினொரு வயதில். "அந்தப் பள்ளிக்கூடத்துல நாலு மாடிப்படி. தப்பான படியில ஏறினா போச்சு. மணி அடிச்சதும் கேட்டைச் சாத்திடுவாங்க. அப்புறம் நீ யாருன்னு கேக்கக்கூட நாதி இருக்காது" என்று இரண்டு நாள் பாடம் நடத்தினார். அவள் முதல் நாள் கேட் ஓரத்தில் நின்று, நாலில் எது தன் படி என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தாள். மணி அடித்தது. திரும்பி வீட்டைப் பார்த்து ஒரே ஓட்டம். அதற்குப் பிறகு அடித்தும் போகவில்லை, அணைத்தும் போகவில்லை. இப்போது சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறாள். பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்தில் ஊர்ப் பிள்ளைகளின் சீருடையெல்லாம் அவள் மேஜையில் மலையாகக் குவியும்.

அண்ணன் இந்தக் கதையை எப்படிச் சொல்வார் என்கிறீர்கள்? "அன்னிக்கு எனக்கு ரெண்டு நாள்தான் கிடைச்சுது. ஒரு வாரம் கிடைச்சிருந்தா இவ இன்னிக்கு டாக்டர்."

இப்போது அந்தத் தங்கையின் மகள் முறை.

தங்கை வேண்டாம் என்றா சொன்னாள்? அவளே போன் போட்டுக் கூப்பிட்டாள். தன்னைப்போல மகளும் திரும்பி ஓடி வந்துவிடக்கூடாதே என்ற பயம் அவளுக்கு. பயந்தவர்களுக்குப் பயத்தை விற்கிறவர்தானே முதலில் ஞாபகத்துக்கு வருகிறார்?

மகளுக்கு இருந்த கவலை வேறு. அவளுக்கு உலகத்தில் ஒரே சிநேகிதி, பேக்கரிக்காரர் மகள். புதுப் பள்ளிக்கூடத்தில் முதல் நாள் மணி அடிக்கும்போது யார் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ, அதையே படம் போட்டுச் சுவரில் ஒட்டிவிடுவார்களாம். வருஷம் முழுக்க அதுதான் இடம். இருவரும் ஒரே பெஞ்சில் உட்காருவதாகப் பேச்சு. மணிக்குள் போய்விட வேண்டும். அவ்வளவுதான். மற்ற எதைப் பற்றியும் அவளுக்கு அக்கறை இல்லை.

மாமா வந்த அன்றே பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதமும் வந்தது. தங்கை உறையைப் பிரித்து, எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் அவர் கைநீட்டி வாங்கினார்.

"இது வழக்கமா அனுப்புறதுதாம்மா. எத்தனை பார்த்திருக்கேன்!" என்று பிளாஸ்டிக் உறையில் போட்டு, நாலு பக்கமும் தடவிவிட்டு, கோப்பில் செருகினார். படித்தாரா? அனுபவசாலிகள் எதற்குப் படிக்கவேண்டும்? அதில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாவிட்டால் என்ன, உங்களுக்குச் சொல்லிவிடலாம். பழைய கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள். இந்த வருஷம் முதல் பெரிய பள்ளிக்கூடம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் புதுக் கட்டடத்தில் நடக்கும். இரண்டே வரி.

மறுநாளே ஒத்திகை ஆரம்பம். வீட்டில் மூன்று அறை, ஒரு குளியலறை, ஒரு நடை. சமையலறை அறிவியல், படுக்கையறை கணக்கு, கூடம் மொழிப்பாடம், குளியலறை பூகோளம். மாமா நடையில் நின்று விசில் ஊதுவார். பிள்ளை முதுகில் பையோடு ஓர் அறையிலிருந்து இன்னொரு அறைக்கு மூன்று நிமிஷத்தில் போய், புத்தகத்தை எடுத்து, மூச்சு வாங்காமல் நிற்கவேண்டும். கணக்கு டீச்சர் வேஷம் பிள்ளையின் அப்பாவுக்கு. அவர் பிரிட்ஜ் ரிப்பேர் செய்கிற மனுஷன், வாரத்தில் ஒருநாள்தான் லீவு.

"மச்சான், நான் இப்ப என்ன சொல்லணும்?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம், மாப்பிள்ளை. முறைச்சுப் பாருங்க, போதும்."

"எம் பொண்ணைப் பார்த்தா எப்படி மச்சான் முறைக்க வரும்?"

"அப்போ பழுதான பிரிட்ஜுன்னு நினைச்சுக்குங்க."

கீழ்வீட்டுக்காரர் இரண்டு தடவை மேலே வந்து கதவைத் தட்டினார். மூன்றாவது தடவை வந்தபோது மாமா அவரைத் தலைமையாசிரியராக நிற்கவைத்துவிட்டார். நாலாவது தடவை அவர் வரவில்லை.

சனிக்கிழமை பேக்கரிக்காரர் மகள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர்கள் வீட்டுக்கும் அதே கடிதம்தானே போயிருக்கும். அந்த வீட்டில் பிரித்துப் படிக்கிற கெட்ட பழக்கம் இருந்தது. இரண்டு பெண்களுமாகச் சந்து வழியே போய்ப் புதுக் கட்டடத்தை எட்டிப் பார்த்துவிட்டும் வந்தார்கள். வந்ததும் மகள், டிப்போவிலிருந்து கொண்டுவந்த தராசில் பையை நிறுத்துக்கொண்டிருந்த மாமாவிடம் போய் நின்றாள்.

"மாமா, அந்தப் பள்ளிக்கூடம் வந்து..."

"கேள்வியெல்லாம் கடைசியில."

"கேள்வி இல்ல மாமா, அது..."

"கேள்வி இல்லன்னா பேசவே வேண்டாம் கண்ணு. நாலரைக் கிலோ! ரப்பர் டப்பாவை வெளியே எடு."

அம்மாவிடம் போனாள். அம்மா அப்போது பதினோராவது தடவையாகச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "மாமா சொல்றதைக் கேளுடி. குறுக்க குறுக்கப் பேசாத. பேசிப் பேசித்தான் நான் இப்படி நிக்கிறேன்." அன்றைக்கு அந்தக் கேட் ஓரத்தில் அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது வேறு விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை வழி ஒத்திகை. முன்னால் மாமா, நடுவில் பிள்ளை, பின்னால் அம்மா. ஒவ்வொரு திருப்பத்திலும் நிமிஷம் குறித்துக்கொண்டு பழைய பள்ளிக்கூடத்துக்கே போய்ச் சேர்ந்தார்கள். கேட்டைச் சுற்றித் தகரம் அடைத்திருந்தது. "பார்த்தியா, பெயின்ட் அடிக்கிறாங்க. புதுப் பிள்ளைங்களுக்காகத்தான்" என்றார் மாமா. பதினாறு நிமிஷம் என்று எழுதிக்கொண்டார். பிள்ளை வாயைத் திறந்தாள். மாமா விசிலை ஊதினார்.

முதல் நாள் காலை. மாமா சொன்ன நேரத்துக்கு நாலு நிமிஷம் முன்பே மூன்று பேரும் கிளம்பினார்கள். பிள்ளை சந்து முனையில் ஒருதரம் நின்று அந்தப் பக்கம் கைகாட்டினாள். அம்மா தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். தெருவில் ஒரு பிள்ளை கிடையாது, ஒரு பை கிடையாது.

"பார்த்தியாம்மா?" என்று மாமா திரும்பி நின்று சிரித்தார். "ஒருத்தரையும் காணோம். நாமதான் முதல்!"

முதல்தான். தகரத்தை விலக்கியிருந்த கேட்டுக்குள் இரண்டு லாரி நின்றது. செங்கல் தூசி. மேல்மாடி இருந்த இடத்தில் ஆகாயம் தெரிந்தது. மேஸ்திரி வெளியே வந்தார்.

"ஸ்கூலா? அது தண்ணித் தொட்டிப் பக்கம் போயி ரெண்டு மாசமாச்சே! லெட்டர் வரலியா?"

மாமா கோப்பைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். "பிளான் ரெண்டுன்னு ஒண்ணு எழுதியிருந்தேனே..." மணி அடிக்க ஒன்பது நிமிஷம் இருந்தது. அம்மா கேட் ஓரத்தில் போய் நின்றாள். அதே கேட், அதே ஓரம். இதோ, மகளும் இப்போது திரும்பி வீட்டைப் பார்த்து ஓடப்போகிறாள் என்று நினைத்தாள்.

மகள் ஓடவில்லை. மாமாவை அண்ணாந்து பார்த்தாள்.

"கடைசி வந்துடுச்சா மாமா? இப்பச் சொல்லலாமா?"

மாமாவின் கை தன்னையறியாமல் விசிலுக்குப் போனது. தங்கை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் கையை அவள் அப்படிப் பிடித்தது அதுதான் முதல் தடவை. "நீங்க கொஞ்சம் சும்மா இருங்கண்ணே. நீ சொல்லுடி."

"சந்து வழியா ஓடினா ஏழு நிமிஷம்மா. எனக்கு வழி தெரியும்."

"அப்போ நின்னுக்கிட்டு என்ன பார்க்கிற? ஓடு! நானும் வர்றேன்."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, மகள் காட்டிய வழியில் அம்மா ஓடினாள். புதுக் கட்டடத்து வாசலில் பையைக் கைமாற்றியபோது மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. மகள் உள்ளே பாய்ந்தாள். கீழ்த்தளத்து ஜன்னல் ஒன்றிலிருந்து ஒரு கை வெளியே வந்து ஆட்டு ஆட்டென்று ஆட்டியது. பேக்கரிக்காரர் மகள், ஒரு பெஞ்சு முழுக்கத் தானே படுத்து இடம் பிடித்து வைத்திருந்தாள். மகள் திரும்பிப் பார்க்கவே இல்லை. அம்மாவுக்கு அதில் ஒரு துளி வருத்தமும் இல்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் அவள் பழைய பள்ளிக்கூடத்துக்கு மறுபடி போனாள். மேஸ்திரி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இந்தக் கட்டடத்துல எத்தனை மாடிப்படி இருந்துச்சு?"

"மாடிப்படியா? ஒண்ணே ஒண்ணுதாம்மா. அதையும் நேத்துதான் இறக்கினோம். ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான்" என்றாள். அந்தச் செங்கல் குவியலைப் பார்த்து மறுபடி படியை எண்ணினாள். ஒன்று.

சாயங்காலம் மாமா வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து, போனில் ஒவ்வொரு சொந்தக்காரராகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். "வேணும்னேதான் தப்பான கேட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். எதிர்பாராததுக்கும் ஒரு ஒத்திகை வேணும் இல்ல? பிள்ளை என்னமா ஓடினா தெரியுமா!" கோப்பில் புதிதாக ஒரு தாள் ஏறியிருந்தது: 'தப்பான கேட், ஒருமுறை. அவசியம்.' தங்கை டீயைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். அங்கே அவர் கழற்றி வைத்திருந்த விசிலை எடுத்து இஸ்திரித் துணிகளுக்கு அடியில் போட்டுவிட்டாள்.

இத்தோடு அந்த வீட்டுக்கு விடுதலை என்றுதானே நினைக்கிறீர்கள்? அடுத்த வருஷம் கீழ்வீட்டுக்காரர் மகன் ஐந்தாம் வகுப்பை முடித்தான். படியில் அவனைப் பார்த்ததும் அவள் நின்று, கன்னத்தைத் தட்டி, "பயப்பட ஒண்ணுமே இல்லப்பா" என்றாள். நல்ல வார்த்தைதானே? அத்தோடு விட்டிருக்கலாம். "ஆனா," என்று வாயிலிருந்து வந்தபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவளாவது கடித்துக்கொண்டாள். நீங்கள்? கடைசியாக ஒரு பிள்ளை புதுப் பையோடு உங்கள் எதிரில் வந்து நின்றபோது என்ன சொன்னீர்கள்? உங்கள் வீட்டில் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்த கடிதங்களில் எத்தனையைப் படித்திருக்கிறீர்கள்? அட, நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்கிறீர்களா? ரொம்ப சந்தோஷம். எதற்கும் ஒருதரம் தலையைத் தூக்கி, நீங்கள் இதைப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து பக்கத்தில் எந்தப் பிள்ளையாவது எதையோ சொல்ல வாயைத் திறந்துகொண்டு நிற்கிறதா என்று பாருங்கள்.

என்ன, "இரு கண்ணு, கடைசி வரி வந்துடுச்சு" என்கிறீர்களா? சரிதான். மாமாவுக்குப் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.