கசிகிற பாய் பற்றி மச்சானுக்கு

அஜின்கோர்ட்,
புதன்கிழமை.

ஒஷாவாவில் வசிக்கும் என் பாசத்துக்குரிய மச்சான் ஜூலியஸ் அறிவது,

இறைவன் கிருபையால் நான் நல்ல சுகம். உமது தங்கை அன்ரனெற்றும் கணுக்காலுக்கு மேலே சுகம். போனில் சொன்னால் பாதியிலேயே சிரிக்கத் தொடங்கிவிடுவீர் என்பதால் எழுதுகிறேன்.

குளியலறைத் தரையில் நின்று கால் விறைக்குது என்று அவள் ஒவ்வொரு விண்டரும் அழுகிறாள். பொறுக்கமாட்டாமல் டைலுக்குக் கீழே விரிக்கிற, கரண்டில் சூடாகும் பாய் ஒன்று வாங்கினேன். டைல் ஒட்ட மாக்கஸ் வெள்ளிக்கிழமை வருகிறார். அன்று தவறினால் ஈஸ்டருக்குப் பிறகுதான் ஆளைப் பிடிக்கலாம். பழைய தரையைக் கிண்டியாகிவிட்டது, அதுவரை அவள் வெறும் சீமெந்தில்தான் நிற்க வேண்டும்.

கரண்ட் சோதிக்கிற உமது மீற்றரை இரவல் தரும்போது நீர் சொன்னது எனக்கு மனப்பாடம். விரிக்க முன்னம் சோதிக்க வேண்டும். இரண்டு கம்பிக்கும் இடையே பெட்டியில் போட்ட எண் வரவேண்டும். கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே எண்ணே வரக்கூடாது. வந்தால் பாய் கசியுது, ஈரத்தில் அது ஆளைக் கொல்லும். எனக்கென்ன இது புதிதா? கார்ச் சாமான் பக்டரியில் பென்சன் எடுக்கும்வரை பரிசோதகர் நான். என் கையைத் தாண்டி ஒரு பழுது வெளியே போனதில்லை.

மீற்றரின் இரண்டு ஊசியையும் கம்பியோடு சேர்த்து விரலால் இறுக்கிப் பிடித்தேன். முதல் எண் சரி. எர்த்தில் வைத்தால் எண் ஓடுகிறது. பாயைச் சுருட்டிக்கொண்டு போய்க் கடையில் கிளிபோட் என்பவரிடம் மாற்றிக்கொண்டு வந்தேன். அதுவும் கசிவு. பிசுபிசுத்த கையைக் கழுவிவிட்டு வந்து பார்த்தால் கசிவு இன்னும் கூட. திரும்பவும் போனன், கிளிபோட் மனேச்சரைக் கூப்பிட, மனேச்சர் என்னை மேலும் கீழும் பார்க்க, நான் லைனில நிண்ட சனத்துக்கெல்லாம் உந்தப் பாயை வாங்காதேங்கோ, பெண்சாதியைப் பறிகுடுப்பியள் எண்டு சொல்லிப்போட்டுத்தான் மற்றப் பாயோட வந்தன். அதுவும் கசியுது மச்சான். மீற்றரில பிழையோ எண்டு அன்ரனெற் கேட்டாள். கொண்ணன்ர மீற்றர் பிழைக்காது எண்டு உமக்காக வாதாடினன். எனக்குப் பயமாக் கிடக்கு. அவளுக்குக் கால் விறைச்சாலும் பரவாயில்லை, ஆள் எனக்கு வேணும்.

ஆகவே மாக்கஸை வரவேண்டாம் என்று சொல்லப்போகிறேன். நீர் சனிக்கிழமை உமது எலக்ரீசியன் லைசென்சோடு வந்து கடையில் எனக்காகச் சாட்சி சொல்ல வேண்டும்.

றெஜினா மச்சாளுக்கு என் அன்பு. மாதா உங்கள் வீட்டையும் உங்கள் பாதங்களையும் காப்பாராக.

இப்படிக்கு,
பழுதை விடாத உமது மச்சான்,
மரியரட்ணம்.

பி.கு.: உறையை ஒட்ட முன்னம், தானும் ஒருக்கால் பார்க்கிறேன் என்றாள் அன்ரனெற். குளிருக்குப் போட்ட கம்பளிக் கையுறையைக்கூடக் கழற்றவில்லை. அவள் பிடித்தபோது எண் வரவில்லை. நான் பிடித்தேன், ஓடியது. பிறகு பாயே இல்லாமல், வெறுங்கையால் இரண்டு ஊசியையும் பிடித்துப் பார்த்தேன். அப்போதும் ஓடியது. மீற்றரின் கரண்ட் என் விரல்களுக்குள்ளால் ஓடியிருக்கிறது. பாய்கள் எல்லாம் நல்ல பாய்கள், கசிந்தது நான். மாக்கஸ் வெள்ளிக்கிழமை வருகிறார். நீர் சனிக்கிழமை கடைக்குப் போய்க் கிளிபோட்டிடம் மன்னிப்புக் கேட்டுவிடும். எனக்கு வர வசதிப்படாது, அங்கே என் முகம் தெரியும். அன்ரனெற் சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றி என் தோளில் தட்டிவிட்டு, "உங்களை எந்தக் கடையில மாத்திறது?" என்று மட்டும் கேட்டாள்.