லாத்தாவின் காப்பிக்கொட்டையும் என் கொட்டை எழுத்தும்

டிசைன் படித்துவிட்டு வந்தவனிடம் வீட்டார் எந்த வேலையும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அந்த வேலையோடு நிறுத்த மாட்டான். உலகத்தையும் சேர்த்துத் திருத்துவான். நான் திருத்தினேன்.

என் லாத்தா (எங்கள் பக்கத்தில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம்) திருமலைராயன்பட்டினத்தில் வீட்டிலேயே காப்பிக்கொட்டை வறுத்து, அரைத்து விற்க ஆரம்பித்திருந்தாள். மச்சான் துபாய் வேலையை விட்டு வந்திருந்த நேரம். அவரை மறுபடி விமானம் ஏறவிடாமல் அந்த வியாபாரம்தான் காப்பாற்ற வேண்டும். வறுக்கிற நாட்களில் தெருமுனையிலேயே வாசனை தூக்கும். இன்றும் எந்தக் காப்பிக்கடையைக் கடந்தாலும் எனக்கு அந்த வீடுதான் ஞாபகம் வருகிறது. அங்கேயே இருந்திருக்கலாம் என்றுகூடத் தோன்றும்.

பை என் பொறுப்பு. பிளாஸ்டிக் கூடவே கூடாது என்றேன். பழுப்புக் காகிதம், உள்ளே சோளமாவில் செய்த மெல்லிய உறை, தாவர எண்ணெய் மை, அதுவும் ஒரே நிறம். மேலே கடைப்பெயர், நடுவில் வறுத்த தேதிக்கு வெற்றிடம், அதன் கீழே கொட்டை எழுத்தில்: 'முழுவதும் மக்கும். ஆறே மாதத்தில் மண்ணாகிவிடும்.' ஓரமாகச் சின்னதாகப் போட்டால் போதாதா என்று மச்சான் கேட்டார். நல்ல விஷயத்தை ஏன் ஒளிக்க வேண்டும் என்று அவருக்கு வகுப்பெடுத்தேன். (பாவம், கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்டார்.)

முதல் பெரிய ஆர்டர் ஒரு நிக்காஹ். வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு பை. அதில் மணமக்கள் பெயர் இருக்க வேண்டும் என்றார்கள் பெண் வீட்டார். இது பிடித்துப்போனால் ஊர்க் கல்யாணமெல்லாம் நமக்குத்தான் என்று லாத்தா கனவு கண்டாள். பெயரை எங்கே போடுவது என்று அச்சகத்துக்காரர் போனில் கேட்டார். நடுவில் இடம் இருக்கிறதே, அதே எழுத்தில் போடுங்கள் என்றேன். பைகள் கல்யாணத்தன்று காலையில்தான் வந்தன. அவசர அவசரமாகத் தூளை நிரப்பி ஒட்டினோம். ஒருவரும் படிக்கவில்லை.

மண்டபத்தில் மாப்பிள்ளையின் உம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வாய்விட்டு நிதானமாகப் படித்தார்: "முபீனா, ரியாஸ். முழுவதும் மக்கும். ஆறே மாதத்தில் மண்ணாகிவிடும்."

பிரியாணித் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எடுத்த கவளத்தை வாயில் வைக்கவில்லை.

"யாருங்க இத எழுதுனது?" என்று பெண்ணின் வாப்பா என்னிடமே வந்து கேட்டார். பையைத்தான் சொன்னேன், ஜோடியை இல்லை என்று விளக்கினேன். (விளக்காமல் இருந்திருக்கலாம்.) லாத்தா குறுக்கே வந்து நின்றாள்.

"தம்பிய ஒண்ணும் சொல்லாதீங்க. நான் பாத்துதான் சரின்னேன்."

அவள் பார்க்கவேயில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. இனி அவளிடம் இந்த ஊரில் யார் காப்பி வாங்குவார்கள்?

மாப்பிள்ளை மேடையிலிருந்து கையை நீட்டி ஒரு பையை வாங்கினார். படித்தார். தோள் குலுங்கியது.

"ஆறு மாசம் வாரண்டி குடுத்திருக்காங்க உம்மா. போதாதா?"

முதலில் சிரித்தது அவருடைய உம்மாதான். அப்புறம் மண்டபமே சிரித்தது.

ஆறு மாதம் கழித்து ரியாஸ் முபீனாவோடு லாத்தா வீட்டுக்கு வந்து, வாரண்டியைப் புதுப்பிக்க வேண்டும் என்று கால் கிலோ வாங்கிப்போனார். இப்போது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். மச்சான் பாஸ்போர்ட்டைத் தேடவே இல்லை. கடைக்கு லாத்தா ஆசையாக வைத்த பெயர்தான் யாருக்கும் தெரியாது. காரைக்கால்வரை அது 'மக்குற காப்பி'.

நான் சென்னையிலிருந்து போய் பஸ்ஸை விட்டு இறங்கினால், லாத்தாவின் பிள்ளைகள் தெருவே கேட்கும்படி வரவேற்கிறார்கள்: "மக்கு மாமா வந்தாச்சு."