நம்ம தெருமுக்கு சுத்தமாகிவிட்டது, வேல்விழி

தென்காசி,
வெள்ளிக்கிழமை.

அன்பு மனைவி வேல்விழிக்கு,

இங்கே குற்றாலத்துச் சாரலும் உன் கணவன் குற்றாலீஸ்வரனும் சுகம். சென்னையில் நீயும், மகள் அபியும், ஐந்து மாதமாக நான் போனில் மட்டுமே கொஞ்சும் பேத்தியும் சுகமென்று நம்புகிறேன். போனிலேயே சொல்லலாமே என்பாய். போனை எடுத்தால் பேத்தியைக் காட்டிவிட்டு வைத்துவிடுகிறாய். உன் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

“அந்த முக்குல கஞ்சா விக்கது நிக்காம பச்சப்புள்ளயோட அங்கன வரமாட்டேன்” என்று நீ சொன்ன மறுநாளே ஸ்டேஷனுக்குப் போனேன். புது எஸ்.ஐ. அபர்ணா மேடம், “பத்துப் பேரப் புடிச்சா அடுத்த வாரம் வேற பத்துப் பேர் வருவான் சார். தெருவே எங்ககூட நிக்கணும்” என்று சொல்லி, என்னையே தெருக் கண்காணிப்புக் குழுவுக்குத் தலைவராக்கிவிட்டார். பல்லியைக் கண்டால் உன்னைக் கூப்பிடுகிறவன் நான்! மாடியிலிருந்து வண்டி நம்பரெல்லாம் எழுதிக் கொடுத்தேன். அதில் ஆறு வண்டி மஃப்டி போலீஸுடையது. பிறகு முக்குல அவனுவ பதுங்கி விக்கிற இடிஞ்ச வீட்டைச் சுத்திப் புதர வெட்டி, கம்பத்துல லைட்டு போட வச்சு, சாயங்காலம் நாங்களே அங்கன கேரம் ஆடினோம். இதுக்கு நடுவுல, “நீ இல்லாம ரசத்துக்குக்கூட ருசி இல்லட்டி” என்று உனக்கு அனுப்பின வாய்ஸ் மெசேஜ் எண்பது பேர் இருக்கிற கண்காணிப்பு வாட்ஸ்அப் குழுவுக்குப் போயிட்டு. மேடம் கீழே ‘நோட்டட் சார்’னு போட்டிருந்தாவ.

போன மாசம் மண்டபத்துல ஒரு கூட்டம். முக்குல விக்கிற ஆட்டோக்கார செந்தில்வேலையும் அவன் கூட்டாளி மூணு பேரையும் வீட்டாளுங்களோட வரச் சொன்னாவ. அவனுவ முக்குல விக்கத மஃப்டி போலீஸ் எடுத்த வீடியோவ மேடம் போட்டுக் காட்டி, “இன்னையோட நிறுத்துனா வேலைக்கு ஏற்பாடு பண்ணுதேன். நாளைக்கு வித்தா கோர்ட்டுதான்”னாவ. உடனே செந்தில்வேலோட அம்மா மூக்கம்மாள் எந்திரிச்சு, அவனை விட்டுட்டு எங்களப் பாத்துக் கேட்டா:

“எம்மவன் விக்கான்னு ரெண்டு வருசமா உங்களுக்குத் தெரியும். தெருவுல தெனம் என்னியப் பாத்துச் சிரிச்சியள. ஒருத்தராவது எங்கிட்ட வந்து சொன்னியளா அண்ணாச்சி?”

நான்தான் எந்திரிச்சு, “தப்புதாம்மா. பயந்துட்டோம்”னேன். அதக் கேட்டு செந்தில்வேல் தலையக் குனிஞ்சவன், கூட்டம் முடியிற வரை நிமிரல. இப்ப ஐந்தருவிப் பக்கம் பழக்கடையில நிக்கான். முப்பத்தஞ்சு நாளாச்சு, முக்குல ஒரு பய இல்ல. பொம்பளப் பிள்ளைகள் ஷட்டில் ஆடுதாவ.

ஆகவே, நீ சொன்னது நடந்துவிட்டது. தலைவர் பொறுப்பில் இருப்பதால் நான் ஊரைவிட்டு அசைய முடியாது. நீதான் பேத்தியோடு புறப்பட்டு வரவேண்டும்.

அபிக்கும் பேத்திக்கும் தாத்தாவின் ஆசிகள். உனக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

இப்படிக்கு,
குற்றாலீஸ்வரன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகையில் அபி போன் பண்ணினா. அவ வேலைக்குப் போகணுமாம், பிள்ளையப் பாக்க ஆளில்லையாம், இன்னும் ஒரு வருசம் நீ வரமுடியாதாம். அதச் சொன்னா நான் ஒடிஞ்சு போவேன்னு, அந்த முக்கு எப்படியும் சுத்தமாகாதுன்னு நெனச்சு அதச் சாக்கு சொன்னியாமே? தலைவர் பதவிய மூக்கம்மாள்ட்ட குடுத்துட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை பொதிகை எக்ஸ்பிரஸ்ல ஏறுதேன். தாம்பரம் ஸ்டேஷனுக்கு நீ மட்டும் வா.