அகராதியில் ஒரு வரி குறைகிறது

பெருமதிப்பிற்குரிய அகராதிப் பதிப்பாசிரியர் ஐயா அவர்களுக்கு, ஐந்தாம் மாடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற கிடங்கு மேலாளர் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். என் மனைவியும் நலம், முழங்கால் நீங்கலாக.

எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் நின்று இருபத்திரண்டு நாளாகிறது. அன்றிலிருந்து அவள் தரையை மிதிக்கவில்லை. பால்கனியில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், எனக்கு மனசு கேட்கவில்லை. தங்கள் அகராதியைப் புரட்டினேன். 'அணிதிரட்டு: ஒரு செயலுக்காக ஆட்களை ஒன்றுசேர்த்து ஆயத்தப்படுத்து. (எ-டு) தலைவர் மக்களை அணிதிரட்டினார்' என்றிருந்தது. நாமே தலைவராகிவிடுவோம் என்று வீடுவீடாகக் கதவைத் தட்டினேன், முப்பது பேர் சேர்ந்தார்கள், கீழ்த்தளத்தில் கூட்டம் போட்டோம், மூன்று குழு அமைத்தோம், குழுக்களுக்குப் பெயர் வைப்பதிலேயே பொழுது போனது, யாருக்காகக் கூட்டமோ அவளால் இறங்க முடியாததால் 'வரவில்லை' என்று பதிவேட்டில் எழுதினார் இரண்டாம் மாடி டீச்சர். கடைசியில் படிக்கட்டில் உட்கார்ந்து போராடுவதென்று முடிவாகி, படிக்கு இருவராக உட்கார்ந்தோம். நேற்று மெக்கானிக் கருவிப்பையோடு வந்தார். மோட்டார் இருப்பது மொட்டைமாடியில்.

"கொஞ்சம் வழி விடுங்க சார்."

"லிஃப்ட் ஓடாம ஒருத்தரும் எந்திரிக்க மாட்டோம்!" என்றோம் ஒரே குரலில். மனுஷன் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயே போய்விட்டார்.

ஆகவே, ஆட்களைச் சேர்த்தபின் என்ன செய்வது என்று அடுத்த பதிப்பில் ஒரு வரி சேர்க்குமாறு வேண்டுகிறேன். தாங்கள் குடும்பத்தோடு என்றும் தரைத்தளத்திலேயே வாழ வாழ்த்தும்,
தங்கள் வாசகன்.

பின்குறிப்பு: மேற்கண்ட எதையும் பொருட்படுத்த வேண்டாம். மெக்கானிக் இன்று மறுபடி வந்தார். அவரை வரவேற்க முப்பது பேரும் மறுபடி படிக்கட்டை அடைத்து நின்றோம். மேலே கைப்பிடியைப் பிடித்தபடி என் மனைவி வந்து நின்றாள்.

"எல்லாரும் சுவரோரமா ஒதுங்குங்க! டீச்சர், நீங்க டார்ச் பிடிங்க. மூணாம் மாடித் தம்பி, அந்தப் பையை வாங்கு. தம்பி மெக்கானிக், நீங்க மேல வாங்க."

"நான்?" என்றேன்.

"நீங்க எதையும் தொடாதீங்க."

அரைமணியில் லிஃப்ட் ஓடியது. அகராதியில் பிழையே இல்லை ஐயா, தலைவர் யார் என்பதில்தான் நான் தவறிவிட்டேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்க அவளே கீழே இறங்குகிறாள்.